எச்டி தாமதத்துக்குப் பார்ப்பவர்களா காரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தொலைக்காட்சி வரலாற்றுக் கட்டுரையில், 'பழைய பெட்டியே போதும் என்று மக்கள் இருந்துவிட்டதால்தான் பல நாடுகளில் எச்டி பரவத் தாமதமானது' என்று ஒரு வாக்கியம் இருந்தது. எச்டி என்றால் அதிகக் கோடுகளால் ஆன, கூடுதல் தெளிவுள்ள படம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மேடை நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். பழைய பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் புதுப் பெட்டி வாங்கி ஏமாந்தவர்களுக்கும் நடுவில் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே எச்டி ஆராய்ச்சியில் இறங்கியது தங்களுக்குத் தெரியாததல்ல. 1989-ல் 1125 கோடுகள் கொண்ட படத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தினமும் சோதனையாக ஒளிபரப்பவும் செய்தார்கள். அதற்கு முன்பே, 1986-ல் அன்றைய யூகோஸ்லாவியாவின் துப்ரோவ்னிக் நகரில் ஒளிபரப்புத் தரநிலைகளுக்காகக் கூடிய சர்வதேசக் கூட்டத்தில், இதையே உலகத் தரநிலையாக வைத்துக்கொள்ளலாம் என்று ஜப்பான் கேட்டது, அமெரிக்காவும் ஆதரித்தது. ஐரோப்பா சம்மதிக்கவில்லை. தன் டிவி தொழில் ஜப்பான் கைக்குப் போய்விடும் என்ற பயம். 1250 கோடுகளோடு எச்டி-மேக் என்று சொந்தமாக ஒன்றை உருவாக்கி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை அதில் காட்டிவிட்டு, அடுத்த வருடமே அதைக் கைவிட்டது. இதில் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தவர் எங்கே வருகிறார்?

அப்புறம் டிஜிட்டல் வந்தது. ஒரு எச்டி சேனலுக்கு ஆகும் இடத்தில் சாதாரணத் தரத்தில் நாலைந்து சேனல்களை அடைத்துவிடலாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் சேனல் எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் படத்துக்கு 576 கோடுகள், அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 480தான். அதனால் அமெரிக்கர்களுக்குப் பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் ஐரோப்பியர்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. கட்டுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். அதை விட்டுவிட்டு மக்கள்மேல் பழி போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. பிரிட்டனில் தரைவழி டிஜிட்டல் 1998-லேயே வந்தது. மக்கள் பெட்டி வாங்கினார்கள். 2009 கடைசியில் அதே தரைவழியில் எச்டி வந்தபோது ஒளிபரப்பு முறையும் மாறியிருந்தது, படத்தைச் சுருக்கும் முறையும் மாறியிருந்தது. முன்பு வாங்கிய பெட்டிகளில் எச்டி வரவில்லை. மறுபடியும் காசு போட்டு வாங்கினார்கள். இவர்களா மாற மனமில்லாதவர்கள்?

ஆஸ்திரேலியாவில் சட்டம் போட்டே எச்டியைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் 576 கோட்டுப் படத்தையும் எச்டி கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தார்கள், சில சேனல்கள் அதையே காட்டின. அமெரிக்காவில் 1998-ல் ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. பெட்டிக்குள் டிஜிட்டல் ட்யூனர், அதாவது ஒளிபரப்பைப் பிடித்துக் கொடுக்கும் பாகம், இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் 2004-லிருந்துதான் படிப்படியாக அமலுக்கு வந்தது. அதுவரை எச்டி என்று விற்ற பல பெட்டிகள் வெறும் திரைதான், ட்யூனரைத் தனியாக வாங்க வேண்டும். பழைய ஒளிபரப்பை நிறுத்த 2006 கடைசி என்று வைத்த கெடு 2009 பிப்ரவரிக்குப் போய், கடைசியில் ஜூன் 12-ல் முடிந்தது. கெடுவைத் தள்ளியது அரசாங்கம்.

கேமராக்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம் இங்கேதான். சாதாரண மினி டிவி (MiniDV) கேசட்டிலேயே எச்டி பதியும் எச்டிவி (HDV) வகைக் கேமராக்கள் 2003, 2004-ல் வர ஆரம்பித்தன. கடன் வாங்கி நானும் ஒன்று வாங்கினேன். 1080 கோடுகளில் எடுத்ததைக் கடைசியில் டிவிடியில்தான் கொடுக்க முடிந்தது. டிவிடியில் அதிகபட்சமே 576 கோடுகள். எச்டியில் கொடுக்கலாம் என்றால், எச்டி வட்டுக்கு ப்ளூ-ரேயா எச்டி டிவிடியா என்று கம்பெனிகள் அடித்துக்கொண்டிருந்தன. 2008 பிப்ரவரியில் எச்டி டிவிடி பக்கம் இருந்த தோஷிபா விலகிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. அதுவரை வாடிக்கையாளரிடம் எதை வாங்கச் சொல்வேன்?

பாதிப் பேர் வீட்டில் அகலம் குறைந்த பழைய பெட்டி, பாதிப் பேர் வீட்டில் அகலத்திரை. அதனால் கேமராவின் சின்னத் திரையில் இரண்டு ஓரத்திலும் கறுப்பு டேப் ஒட்டி வைத்துக்கொண்டு, ஆட்கள் அதற்குள்ளேயே இருக்கும்படி எடுத்தேன். ஓரத்தில் நின்று ஆடிய பிள்ளை பழைய பெட்டியில் வெட்டுப்படக் கூடாதே. அகலத்திரை வைத்திருந்தவர்கள் என் பழைய பதிவுகளைப் போட்டால் படம் இழுபட்டு முகமெல்லாம் உப்பித் தெரியும். 'என்னங்க இப்படி எடுத்திருக்கீங்க?' என்று என்னைத்தான் கேட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போதைய ஐரோப்பியச் சுங்க விதிப்படி, அரை மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்கிற கேமரா வீடியோ கேமரா ஆகிவிடும், அதற்கு வரி இருந்தது. அந்த வரிக்குப் பயந்து பல ஸ்டில் கேமராக்களை 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நிற்கும்படி செய்து விற்றார்கள். அப்படி ஒரு கேமராவில் நான் எடுத்த நாட்டிய நிகழ்ச்சியில், உருப்படி உச்சத்துக்கு வந்த நேரத்தில் பதிவு நின்றுபோனது. மறுபடி பொத்தானை அழுத்துவதற்குள் தீர்மானம் என்கிற நிறைவு ஜதியே போய்விட்டது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்குச் சுங்க விதியை எப்படி விளக்குவது? எச்டி வந்தும்கூட, விநாடிக்கு 50 படமா 60 படமா என்ற நாடுகளுக்கிடையிலான பழைய பிரிவினை போகவில்லை. 60-ல் மட்டும் பதியும் கேமராவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பாருங்கள், படம் துடிக்கும்.

தங்கள் இதழிலேயே முன்பு வந்த டிவி வாங்கும் வழிகாட்டியில், 'எச்டி ரெடி' முத்திரை இருந்தால் முழு 1080 கோடுகளும் கிடைக்கும் என்று போட்டிருந்தீர்கள். அந்த ஐரோப்பிய முத்திரை 720 கோடுகளுக்குத்தான் உத்தரவாதம், உள்ளே எச்டி ட்யூனர் இருக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதே எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. அதை நம்பி வாங்கியவர்களும் தங்கள் வாசகர்கள்தான். அவர்களையே இப்போது தாமதத்துக்குக் காரணம் என்று எழுதியிருப்பது மிகவும் புண்படுத்துகிறது.

மக்கள்மேல் பழி போட்ட அந்த வாக்கியத்துக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கட்டுரையோடு வந்த அட்டவணையில் ஐரோப்பாவில் எச்டி தொடங்கிய வருடம் 2006 என்று இருக்கிறது. பெல்ஜியத்திலிருந்து யூரோ1080 எச்டி ஒளிபரப்பைத் தொடங்கியது 2004 ஜனவரி 1. அதையும் சரிசெய்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஒரு வீடியோ தொகுப்பாளர்