தியவன்னாக் கரையில் ஒரு போயா தினம்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. போனில் எவ்வளவு பேசினாலும் நீ கைப்பட எழுதினதைப் படிப்பது வேறுதான். தம்பிக்குத் தையில் முகூர்த்தம் என்று படித்ததும் சத்தமாகவே சிரித்துவிட்டேன். ஆச்சி கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் பார்த்தாளா? ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். இங்கே மாதாமாதம் பௌர்ணமிக்கு அரசாங்க விடுமுறை, போயா என்பார்கள். உன் மருமகனுக்கும் அன்று கடை இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்தரமுல்லையில் தியத்த உயன என்ற பூங்காவுக்குப் போனோம். கொள்ளுப்பிட்டிக்குப் போய், அங்கிருந்து 177 பஸ். ஆட்டோவில் போனால் ஊரைப் பார்க்க முடியாது, பஸ்தான் நல்லது என்று உன் மருமகன் சொல்லிவிட்டார்.

மேல்வீட்டு அம்மாவும் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். விடியற்காலையிலேயே கதவைத் தட்டி, கையில் ஒரு கிண்ணம் சொதியைக் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்காராமல் போய்விடுவார். அவர் வீட்டு வாசலில் துணிமணி அடுக்கின ஒரு பெட்டி எப்போதும் தயாராக இருக்கும். 83 ஜூலையில் தமிழர்களைத் தாக்கின கலவரத்தில், இந்த வெள்ளவத்தையில்தான் கட்டின சேலையோடு ஓடினாராம். அதிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்ததே இல்லை. முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. இப்போது அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போது கால் படாமல் போகிறேன்.

பூங்கா அழகு அம்மா. தியவன்னா ஓயா என்ற நீர்நிலையின் கரையோரமாக நடைபாதை, ஒரு பக்கம் செடி விற்கிற கடைகள், எதிரே தண்ணீர் நடுவில் நாடாளுமன்றம். ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1982-ல் திறந்தது. செம்புக் கூரை வெயிலில் மின்னாமல் அடங்கின நிறத்தில் இருக்கிறது. முன்பு சதுப்பு நிலமாகக் கிடந்த இடமாம். இந்தச் சதுப்புகள்தான் கொழும்பு மழையை வாங்கி வைத்துக்கொள்கின்றன. 2023 டிசம்பரில் நம் தாமிரபரணி வெள்ளம் வீட்டு வாசல் வரை வந்ததை நினைத்துக்கொண்டேன். நீர் உடும்பு ஒன்று கரையேறி வந்ததும் சின்னவள் முதலை என்று அலறி அப்பா தோளில் ஏறிவிட்டாள். கூழைக்கடாக்களைப் பார்த்துப் பெரியவன், "கூந்தன்குளத்துப் பறவை!" என்றான். தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி போடமாட்டார்கள் என்று நீ சொன்னதை மறக்கவே இல்லை அவன்.

மேல்வீட்டு அம்மா தண்ணீரைப் பார்த்தபடி ஒரு விஷயம் சொன்னார். இதுதான் கோட்டை என்ற பழைய சிங்கள ராஜ்யமாம். இங்கிருந்து படையோடு போய் யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள்தான் நல்லூர்க் கந்தசாமி கோயிலையும் கட்டினவராம். அவர் பெயரை இன்றைக்கும் கோயிலில் புகழ் கூறும் கட்டியத்தில் சொல்கிறார்களாம். "பிடிச்சவனும் அவன்தான், கட்டினவனும் அவன்தான் பிள்ளை" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

கொண்டுபோன இடியாப்பத்தையும் சொதியையும் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்த ஊர்ச் சொதி நீர்க்க, மஞ்சளாக, வெந்தயம் மணக்க இருக்கும். நல்ல ருசிதான். ஆனால் முதல் பால் ஊற்றி, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு, பக்கத்தில் இஞ்சித் துவையல் வைக்கிற நம் சொதிக்கு நாக்கு ஏங்கிப்போயிற்று. சாப்பிட்ட கையைக் கழுவத் தண்ணீர்ப் பக்கம் போனேன். இறங்குவதற்குப் படித்துறை இல்லை. அவ்வளவு தண்ணீர் கண்முன்னே கிடக்க, காலை நனைக்க ஒரு படி இல்லையே என்று நம் ஊர்க் குறுக்குத்துறைப் படித்துறை ஞாபகம் வந்து அழுதுவிட்டேன் அம்மா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? பிள்ளைகள் பார்க்கவில்லை.

சரி, கல்யாண விஷயம். மறுநாள் சொதிச் சாப்பாட்டைச் சமையல்காரரிடம் விட்டுவிடாதே. தேங்காய்ப்பால் கணக்கு பெரிய சித்திக்குத்தான் தெரியும், அவளிடம் இப்போதே சொல்லிவை. பத்திரிகையில் மாமா பெயர் அத்தை பெயருக்கு முன்னால் வரட்டும், போன தடவை நடந்தது போதும். எனக்குப் பட்டு எடுக்காதே. கல்யாணப் புடவையே புதுசு மாதிரி இருக்கிறது. மதுரைக்கு விமானத்தில் வருவதைவிடக் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்தால் பிள்ளைகள் கடலைப் பார்ப்பார்கள் என்று உன் மருமகன் சொல்கிறார், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இந்த மாதப் பணம் கொஞ்சம் குறைவாக வரும். கடையில் கணக்கு முடிக்கிற நேரம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அப்பாவிடம் சொல்லவேண்டாம்.

மேல்வீட்டு அம்மாவுக்கும் ஒரு பத்திரிகை அனுப்பு. உறையில் அவர் பெயரை எழுதாதே, நான் கையில் கொடுத்துக்கொள்கிறேன். வரச் சம்மதித்தால் கீழ் அறையை அவருக்கு ஒழித்துவை, முழங்கால் வலியோடு மாடி ஏற முடியாது.

அன்புடன்,
உன் மகள்