மேக்ரோ இல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள்

ஐயா,

சி மொழியில் எழுதிய மென்பொருள்களை இயங்கும் நிரலாக்கித் தரும் பில்ட் கருவிகள் குறித்துத் தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரை, கணினியில் எது உண்டு, எது இல்லை என்று நிரலுக்குச் சொல்லும் மேக்ரோக்களை (மதிப்புக்கு இடும் பெயர்களை) அவை உருவாக்கித் தருகின்றன என்பதோடு நின்றுவிட்டது. தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

"ஹேவ்_யூனிஸ்டிடி_ஹெச்: இந்த ஹெட்டர் இருந்தால் 1." ஒரு மேக்ரோவைப் பற்றிப் பல ஆவணங்களில் இவ்வளவுதான் இருக்கும். ஹெட்டர் (நிரல் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு) இல்லாவிட்டால் மேக்ரோ 0 ஆகுமா, வரையறுக்கப்படாமலே போகுமா? ஆட்டோகான்ஃப் என்ற கருவியிலேயே இரண்டு வழக்கமும் உண்டு. ஹெட்டரோ ஃபங்ஷனோ கிடைக்காவிட்டால், அது உருவாக்கும் கான்ஃபிக்.ஹெச் கோப்பில் #அன்டெஃப் வரி வெறும் கமென்ட்டாகிவிடும், மேக்ரோவே இருக்காது. ஆனால் ஒரு பெயர் ஹெட்டரில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் டிக்ளரேஷன் சோதனையில் பிறக்கும் ஹேவ்_டெக்ல் வகை மேக்ரோ எப்போதும் இருக்கும், மதிப்புதான் 1 அல்லது 0. அதை, பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் #இஃப்டெஃப் கொண்டு சோதித்தால், டிக்ளரேஷன் இல்லாத கணினியிலும் 'உண்டு' என்றே பதில் வரும். அங்கே மதிப்பைப் பார்க்கும் #இஃப்தான் போட வேண்டும்.

சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியில் #சிமேக்டிஃபைன் என்று எழுதிப் பெயரை மட்டும் கொடுத்தால், நிபந்தனை உண்மையாகும்போது மதிப்பில்லாத வெற்று மேக்ரோ கிடைக்கும். அதற்கு #இஃப் போட்டால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். (நல்லதுதான், உடனே தெரிந்துவிடுகிறதே.) #சிமேக்டிஃபைன்01 எழுதினால் 1 அல்லது 0 வரும். மேசான் என்ற கருவியிலும் உண்மை, பொய் மதிப்புகளைக் கொடுக்கும்போது செட், செட்10 என்ற இரு கட்டளைகளுக்கும் இதே வேறுபாடுதான். கம்பைலருக்கு -டி கொடுத்துப் பெயரை மட்டும் எழுதினாலோ மதிப்பு 1.

இவற்றைவிட மோசமானது மேக்ரோவின் பெயரில் நேரும் எழுத்துப்பிழை. #இஃப் வரியில் வரையறுக்கப்படாத பெயர் வந்தால் சி மொழி அதைச் சத்தமில்லாமல் 0 என்று கொள்ளும். ஜிசிசி கம்பைலரில் -டபிள்யூஅன்டெஃப் ஆப்ஷன் இதை எச்சரிக்கும். ஆனால் பல எச்சரிக்கைகளை ஒன்றாக இயக்கும் -டபிள்யூஆல் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை, தனியே கொடுக்க வேண்டும்.

கான்ஃபிக்.ஹெச்சை எல்லா ஹெட்டர்களுக்கும் முன்னால் சேர்க்க வேண்டும் என்பதையும் ஆவணத்தில் காரணத்தோடு சொல்லலாம். 32 பிட் லினக்ஸில் கான்ஃபிக்.ஹெச்சில் _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் 64 என்று அமைந்தால், கோப்பின் அளவைக் குறிக்கும் ஆஃப்_டி வகை 4 பைட்டிலிருந்து 8 பைட்டாகும். ஒரு நிரல் கோப்பில் மட்டும் கான்ஃபிக்.ஹெச்சைச் சேர்க்கும் வரி பிந்தி வந்தால், இரு கோப்புகள் அந்த வகை உள்ள ஒரே ஸ்ட்ரக்சரை வெவ்வேறு அளவில் பார்க்கும். கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர் வாய் திறக்காது.

இதையெல்லாம் தனி ஆவணமாக எழுதினால் பழசாகிவிடும். ஆட்டோகான்ஃபில் மேக்ரோவை வரையறுக்கும் ஏசி_டிஃபைனில் மூன்றாவது இடம் விளக்கத்துக்கென்றே இருக்கிறது. அதன் துணைக் கருவியான ஆட்டோஹெட்டர் அதை எடுத்து, கான்ஃபிக்.ஹெச்சுக்கு முன்மாதிரியான கான்ஃபிக்.ஹெச்.இன் கோப்பில் கமென்ட்டாக வைத்துவிடும். 'இல்லை' என்றால் என்ன மதிப்பு என்பதையும் அங்கேயே ஒரு வரியில் சேர்க்கலாம். -டி வழியாக வருபவை மட்டும் அந்தக் கோப்பில் தெரியாது. அவற்றைப் பார்க்க, பில்டில் பயன்படும் அதே ஆப்ஷன்களோடு ஜிசிசிக்கு -டிஎம் -ஈ சேர்த்துக் கொடுத்தால் முழுப் பட்டியலும் வரும்.

இப்படிக்கு,
சி நிரல் பராமரிப்பாளர்கள் சிலர்