ஜிஞ்சரைத் திரும்பச் சேருங்கள்: சிறுவர் நூல் பதிப்பகம் ஒன்றுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பகத்தாருக்கு,

வணக்கம்.

ஒரு கருங்குதிரை தன் கதையைத் தானே சொல்வதாக ஆனா சூவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி' நாவலின் உங்கள் தமிழ்ச் சுருக்கத்தைப் பற்றி நான் முன்பு எழுதியதும், சிறுவர்களின் மனநிலையைக் கருதியே சில பகுதிகளைத் தவிர்த்ததாக நீங்கள் ஒற்றை வரியில் பதில் அனுப்பியதும் உங்கள் கோப்பில் இருக்கும். அவற்றை மறுபடி விவரிக்கத் தேவையில்லை. இப்போது அதே நூல் அதே குறைகளோடு மறு அச்சாக வந்திருக்கிறது. அட்டைப் படம் மட்டும் புதியது. வண்ணச் சட்டை அணிந்த ஜாக்கி, அதாவது பந்தயக் குதிரை ஓட்டுபவர் ஒருவர், சாட்டையை ஓங்கிக்கொண்டு கருங்குதிரையின் மேல் பறக்கிறார். அந்தக் குதிரை நாவலில் ஒரு பந்தயத்திலும் ஓடுவதில்லை என்பது ஓவியருக்குத் தெரியாமல் இருக்கலாம், பதிப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பந்தயத்தில் ஓடியது பிளாக் பியூட்டியின் தோழியான ஜிஞ்சர் என்ற குதிரை. ஏர்ல்ஷால் மாளிகையில், நாகரிகத்துக்காகக் குதிரையின் தலையைத் தூக்கி நிறுத்தும் வாரை எஜமானி நாளுக்கு நாள் இறுக்கச் சொன்னபோது, பொறுக்க மாட்டாமல் உதைத்துத் திமிறிய அந்தச் செந்நிறப் பெண்குதிரையை வீட்டு மகன் ஜார்ஜ் தன் சவாரிக்கு எடுத்துக்கொள்கிறான். வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி ஓடும் ஒரு பந்தயத்துக்கு முன், அது ஓடும் நிலையில் இல்லை என்று லாயக்காரர் எச்சரிக்கிறார்; அவன் கேட்பதில்லை. ஜிஞ்சர் தன் பலத்தையெல்லாம் திரட்டி முதல் மூன்று குதிரைகளில் ஒன்றாக வந்து சேர்கிறது. மூச்சு கெடுகிறது, அவன் கனத்தைச் சுமந்த முதுகும் கெடுகிறது. நாவலில் அதற்குப் பரிசு, கைதட்டல் என்று எதுவும் இல்லை. அடுத்து நாம் காண்பது வாழ வேண்டிய வயதிலேயே பாழாகிப்போன ஒரு குதிரையைத்தான்.

பல ஆண்டுகள் கழித்து லண்டனில் வாடகை வண்டி இழுக்கும் பிளாக் பியூட்டி ஒரு பூங்காவுக்கு வெளியே வைக்கோல் தின்றுகொண்டிருக்கும்போது, காற்றில் உருண்டுபோன ஒரு சிறு கற்றையை, எலும்பு தெரியும் ஒரு கிழட்டுக் குதிரை மெலிந்த கழுத்தை நீட்டி எடுத்துத் தின்றுவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்க்கிறது. அதுதான் ஜிஞ்சர். சிறிது காலத்துக்குள் ஒரு செந்நிறக் குதிரையின் பிணத்தை ஏற்றிய வண்டி வாடகை வண்டி நிறுத்தத்தைக் கடந்து போகிறது. உங்கள் பதிப்பில் பந்தயமும் இல்லை, வைக்கோலும் இல்லை, அந்த வண்டியும் இல்லை. ஏர்ல்ஷாலோடு ஜிஞ்சரின் பெயரே நின்றுபோகிறது. எங்கள் நூலக வாசிப்பு வட்டத்தில் இதைப் படித்த ஒரு சிறுமி, கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "அந்தச் சிவப்புக் குதிரை எங்கே போச்சு?" என்று கேட்டாள். அவளுடைய மனநிலையைக் கருதித்தான் நீக்கினோம் என்று நான் எப்படிச் சொல்வது?

நீங்கள் நீக்காமல் விட்ட ஒன்றையும் குறிப்பிட வேண்டும். தொடக்கத்தில் தாய்க்குதிரை தன் குட்டியிடம், உன் தாத்தா நியூமார்க்கெட் பந்தயத்தில் இரண்டு ஆண்டுகள் கோப்பை வென்றவர் என்று பெருமையாகச் சொல்லும் வரி அப்படியே இருக்கிறது. பந்தயத்தின் பெருமை சிறுவர்களுக்கு ஆகும், அதன் விலைதான் ஆகாது போலிருக்கிறது.

அடுத்தது முன்னுரை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிறித்தவப் போதகர்கள் குதிரைகளின் துன்பம் கண்டு பந்தயங்களை எதிர்த்தார்கள் என்றும், அந்த மரபில் வந்தவரே ஆனா சூவெல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் வரலாறு அப்படி இல்லை. செல்டன்ஹாம் நகரின் குருவானவர் பிரான்சிஸ் குளோஸ் 1827இல் பந்தயத் திடலின் தீமைகளைக் கண்டித்துப் பிரசங்கித்தபோது, அவருடைய கவலை சூதாட்டத்தையும் ஒழுக்கக் கேட்டையும் அங்கே கூடும் மனிதர்களின் ஆன்மாவையும் பற்றியது. 1829இல் அவரைப் பின்பற்றியவர்கள் திடலுக்குள் கற்களையும் புட்டிகளையும் எறிந்தார்கள். அவை ஜாக்கிகள் மேல் மட்டுமல்ல, குதிரைகள் மேலும் விழுந்தன. மறு ஆண்டுப் பந்தயத்துக்கு முன் பார்வையாளர் மேடையே எரிந்து சாம்பலானது. குதிரையின் மேல் கல் எறிந்த கூட்டத்தைக் குதிரைக்காகக் கண்ணீர் விட்ட கூட்டமாக்க உங்கள் முன்னுரையாளர் ஒருவரால்தான் முடியும்.

1874இல் அப்பாலஜி என்ற தன் குதிரை ஓக்ஸ், செயின்ட் லெஜர் ஆகிய இரண்டு பெரும் பந்தயங்களையும் வென்றதற்காக பிஷப்பின் கண்டனத்துக்கு ஆளாகிப் பதவி விலகிய குருவானவர் கிங் விவகாரத்திலும், பிரதமர் ரோஸ்பரியின் குதிரைகள் 1894இலும் 1895இலும் டெர்பி பந்தயத்தை வென்றபோது எழுந்த கூச்சலிலும் பேசப்பட்டதெல்லாம் மனிதர்களின் மானமும் பணமும்தான். குதிரைக்காக நின்ற குருமார் இல்லாமல் இல்லை. 1824இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கி, அதன் கடனுக்காகச் சிறைக்கும் போன ஆர்தர் புரூம் ஒரு குருவானவர். முன்னுரையில் அவர் பெயர் இல்லை.

ஆனா சூவெல் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கணுக்காலில் அடிபட்டு, வாழ்நாளெல்லாம் நடப்பதற்குச் சிரமப்பட்டு, குதிரை வண்டியை நம்பியே வெளியே போய்வந்தவர். நோய்ப்படுக்கையில் எழுதிய இந்த ஒரே நாவல் 1877இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். பந்தயத்தை அவர் மேடையேறித் திட்டவில்லை. குதிரையின் வாயில் சொல்லவைத்தார். மனிதனிடமும் விலங்கிடமும் இரக்கம் கற்றுத்தராத மதம் வெறும் வேஷம் என்று அதில் வண்டியோட்டி ஜான் மான்லி சொல்கிறார். தனக்கும் குதிரைக்கும் ஓய்வு வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை மறுக்கும் வண்டிக்காரர் ஜெர்ரி, சாகக்கிடக்கும் தாயைப் பார்க்கப் போகும் ஒரு பெண்ணுக்காக அந்த நாளிலேயே வண்டி பூட்டுகிறார். மதக் கருத்து என்று இந்த இரண்டையும் நீக்கிய நீங்கள், கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு 'நீதி: விலங்குகளிடம் அன்பு காட்டுவோம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நம் சிறுவர் நூல்கள் பலவற்றின் கதியே இதுதான்: கதையில் இருந்த நீதியை வெட்டி எறிந்துவிட்டு, கட்டத்துக்குள் ஒன்றை நட்டுவைப்பது. இப்படியே போனால் அடுத்த பதிப்பில் குதிரையையும் எடுத்துவிட்டுக் கட்டத்தை மட்டும் விற்கலாம், காகிதச் செலவாவது குறையும்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை எளியது. ஜிஞ்சரின் பந்தயமும் சாவும் வரும் பகுதிகளைச் சுருக்கமாகவேனும் மீண்டும் சேருங்கள். அதற்குப் பக்கம் போதாவிட்டால் வரலாற்றுக்குப் பொருந்தாத அந்த முன்னுரையை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும். ஜாக்கியை அட்டையிலிருந்து இறக்கிவிடுங்கள். அடுத்த அச்சு எப்போது என்று தெரிவித்தால், திருத்தப் பகுதிகளைப் பிழை பார்த்துத் தரக் கட்டணம் ஏதுமின்றி ஆயத்தமாக இருக்கிறேன். இம்முறை ஒரு வரிக்குச் சற்று அதிகமாகப் பதில் எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக வாசிப்பு வட்டத்தை நடத்தும் ஒரு வாசகர்