ஜி6பிடி பரிசோதனை செய்த பிறகே பிரைமாகுயின் மாத்திரை தர உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்
ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள சிறுவனின் தாய்

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை

பொருள்: ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்குச் சில மருந்துகளால் வரும் ரத்தச் சிதைவைத் தடுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு 14 நாள் பிரைமாகுயின் எழுதுவதற்கு முன், ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் போதிய அளவு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை செய்வதை எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டு இந்த மனுவை எழுதுகிறேன்.

என் மகனுக்கு இந்த நொதி பிறவியிலேயே குறைவு. அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் மற்ற பிள்ளைகளைப் போலத்தான் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். மலேரியா வந்தபோது பிரைமாகுயின் கொடுத்து, "கோர்ஸை முழுசா முடிக்கணும், நடுவுல நிறுத்தக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் பால் சேர்க்காத டீ நிறத்தில் போனது. கண் மஞ்சளாகி, உதடு வெளுத்து, கட்டிலிலிருந்து எழுந்து உட்காரவே மூச்சு வாங்கியது. ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள் என்ற ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தால் நிலைமை அவ்வளவு முற்றியிருக்காது.

சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பது இந்த நொதிதான். அது போதாதவர்களின் உடலுக்குள் சில மருந்துகள் போனால் அணுக்கள் உடையத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தெரிந்துவிடும். பிரைமாகுயின் சிலருக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு இந்த நொதிக் குறைவே காரணம் என்று 1956-இலேயே கண்டறிந்துவிட்டார்கள். உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு காலமாகத் தெரிந்த ஒரு விஷயம் மாத்திரை எழுதும் மேசை வரை வந்து சேராதது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

பிரைமாகுயினை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. கல்லீரலில் பதுங்கியிருக்கும் வைவாக்ஸ் கிருமியை ஒழிக்காவிட்டால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும். குறைபாடு உள்ளவர்களுக்கும் வாரம் ஒருமுறை வீதம் எட்டு வாரம், மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கும் முறை இருக்கிறது. ஆனால் யாருக்கு எந்த முறை என்று முடிவு செய்யப் பரிசோதனை முடிவு கையில் வேண்டுமே! இதே கிருமியை ஒழிக்கும் இன்னொரு மருந்தான டாஃபெனோகுயின் ஒரே வேளையில் முடிந்துவிடும். உள்ளே போன பிறகு நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அதற்கு நொதியின் அளவைத் துல்லியமாகப் பார்த்தே ஆக வேண்டும்.

பரிசோதனை பற்றி இரண்டு விஷயங்களை மருத்துவமனைகளுக்குத் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டுகிறேன். ரத்தம் சிதைந்துகொண்டிருக்கும் நேரத்தில் பார்த்தால், நொதி சரியான அளவில் இருப்பது போலவே முடிவு வரக்கூடும். நொதி குறைந்த பழைய அணுக்கள் உடைந்துபோய், நொதி அதிகமுள்ள புது அணுக்கள் மிஞ்சுவதுதான் காரணம். அதனால் சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம், இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களுக்கே அதிகம் என்றாலும், குறைபாட்டு மரபணுவைச் சுமக்கும் பெண்களில் பலருக்கு நொதி பாதியளவில் இருக்கும். உண்டு, இல்லை என்று மட்டும் காட்டும் சாதாரணச் சோதனையில் அவர்கள் தப்பிவிடுவார்கள். பெண்களுக்கு அளவைச் சொல்லும் சோதனையே வேண்டும்.

குறைபாடு உறுதியானவர்களுக்குச் சட்டைப்பையில் வைக்கும் அளவில் ஒரு அட்டை கொடுங்கள். டாப்சோன், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் புளூ, நைட்ரோஃபுரான்டாயின் போன்ற, இவர்களுக்கு ஆபத்தான மருந்துகளின் பெயர்களும், பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலினும் அதில் இருக்கட்டும். டாப்சோனால் ரத்தத்தில் மெத்தீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) கூடினால் வழக்கமாகப் போடும் ஊசி மெத்திலீன் புளூதான். இவர்களுக்கு அந்த ஊசியே ஆபத்து. மயங்கிக் கிடக்கும் நோயாளியால் இதைச் சொல்ல முடியாது, அட்டை சொல்லும்.

இந்தக் குறைபாடு பரவலாக உள்ள பகுதிகளில் பிறந்த குழந்தைகளுக்கும் சோதனை செய்ய ஏற்பாடு வேண்டும். கடுமையான மஞ்சள் காமாலை வந்து மூளை பாதிக்கப்படும் அபாயம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதிகம்.

இந்தக் கோரிக்கைகளின் மேல் எடுக்கும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மகனின் ரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு நகல்கள்