பழுதானால் யார் கழற்றுவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வறிய பகுதிகளின் வளர்ச்சிக்கு உகந்த தொழில்நுட்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்திகளும் கட்டுரைகளும் வெளிவருவதை வரவேற்கிறேன். அவற்றில் கருவியின் விலை பேசப்படுகிறது, திறன் பேசப்படுகிறது, எத்தனை குடும்பங்கள் பயன்பெறும் என்பதும் பேசப்படுகிறது. அது பழுதானால் யார் கழற்றுவார், எந்த ஸ்பேனரால் கழற்றுவார், மாற்றுவதற்கான உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்பது மட்டும் ஏனோ பேசப்படுவதில்லை. குடிநீர்த் திட்டப் பணியில் அடிபம்புகளோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன் நான். ஒரு தொழில்நுட்பம் பொருத்தமானதா இல்லையா என்பது இந்தக் கேள்வியில்தான் முடிவாகிறது என்பது என் கருத்து.

அடிபம்பையே எடுத்துக்கொள்ளலாம். 1960களின் பிற்பகுதி வறட்சிக்குப் பிறகு இந்தியாவின் பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் ஏராளமாகப் போடப்பட்டன. அவற்றின் மேல் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகளோ, ஒரு குடும்பம் தன் வீட்டுக்கு நாளைக்குச் சில குடம் அடித்துக்கொள்வதற்காக வகுக்கப்பட்டவை. விடிந்தது முதல் இருட்டும்வரை ஓர் ஊரே வரிசையில் நின்று அடித்தபோது அவை தாங்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் அவற்றில் பெரும்பகுதி வேலை செய்யாமல் நின்றிருந்தன. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவான எஃகுப் பம்பின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப் அமைப்பின் துணையோடு உருவாக்கப்பட்டு, கோவைப் பகுதியின் ஆழமான நீர்மட்டத்தில் சோதிக்கப்பட்டு, 1970களின் இறுதியில் உற்பத்திக்கு வந்த ‘இந்தியா மார்க் 2’ இந்த நிலையை மாற்றியது. பின்னர் அது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் சென்றது.

ஆனால் அந்த நல்ல பம்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. கிணற்றின் அடியில் உள்ள சிலிண்டருக்குள் பிஸ்டனோடு மேலும் கீழும் போய்வரும், நீர் கசியாமல் அடைக்கும் வாஷர், உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு பொருள். அது தேய்ந்தால் கைப்பிடி இலேசாகிவிடும். பத்து முறை அடித்தால்தான் ஒரு வாய்த் தண்ணீர் வரும். அதை மாற்றுவதற்கோ, 3 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, கிளாம்ப் போட்டு நிறுத்தி, கழற்றி, சிலிண்டரை வெளியே எடுத்தாக வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால் பத்துக் குழாய்கள். இதற்குத் தனிக் கருவிகளும் நாலைந்து ஆட்களும் ஒரு வண்டியும் வேண்டியிருந்ததால், கைக்கு அடக்கமான ஒரு வாஷருக்காக ஊர் முழுவதும் வண்டி வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 1980களில் உருவான ‘மார்க் 3’ பம்பில் குழாயின் விட்டத்தை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். குழாய்களைக் கழற்றாமலேயே அவற்றின் வழியாகப் பிஸ்டனை மட்டும் உருவி எடுக்க முடிந்தது. குழாயின் எடையும் விலையும் கூடின என்பது உண்மை. ஆயினும் வண்டி வர வேண்டிய தேவை பெருமளவு குறைந்தது. அதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் உருவான ‘ஆஃப்ரிடெவ்’ பம்பை ஏறக்குறைய ஒரே ஸ்பேனரைக் கொண்டு ஊராரே பராமரிக்க முடிந்தது. வடிவமைப்பாளர் பழுது பார்ப்பவரை மனத்தில் வைத்து வரைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இரண்டுமே சான்று.

மனத்தில் வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. சிறுவர்கள் இராட்டினம் சுற்றி விளையாடும்போதே தண்ணீர் மேலேறும் ‘பிளேபம்ப்’ என்ற கருவி தென்னாப்பிரிக்காவில் பிறந்து உலகத்தின் பாராட்டைப் பெற்றது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதற்கு ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதி அறிவிக்கப்பட்டது. பிறகு நடந்ததைப் பார்த்தால், பிள்ளைகள் எல்லா நேரமும் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் வேண்டிய பெண்களே அந்தக் கனத்த சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். பழுதான இடங்களில் சரிசெய்ய மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. சில ஊர்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பை எடுத்துவிட்டு இதைப் பொருத்தியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். புகைப்படத்துக்கு அழகான கருவி அது.

புகையில்லா அடுப்பின் கதையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில் தொடங்கி 2002 வரை நடந்த தேசியத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட மேம்படுத்தப்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. கொடுத்ததற்குக் கணக்கு இருந்ததே தவிர, எரிந்ததற்குச் சரியான கணக்கு இல்லை. புகைபோக்கியில் கரி படிந்தால் துடைக்க வேண்டும், விரிசல் விட்டால் பூச வேண்டும்; அதைச் செய்ய யாரும் பழக்கப்படுத்தப்படாத வீடுகளில் அந்த அடுப்பு சில பருவங்களிலேயே கைவிடப்பட்டது.

தவறு நேர்ந்த பிறகு திருத்திக்கொண்ட முன்மாதிரியும் இருக்கிறது. கர்நாடகத்தின் பூரா என்ற சிற்றூரில் இந்திய அறிவியல் கழகத்தின் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு ஒரு சமுதாயச் சாண எரிவாயுக் கலனை அமைத்தது. முதலில் சமையலுக்கு எரிவாயு தருவதே நோக்கம். ஊரில் கிடைத்த சாணம் அதற்குப் போதவில்லை. அங்கே அறிவியலாளர்கள் கலனைப் பூட்டிவிட்டு அறிக்கை எழுதப் போய்விடவில்லை. மக்களோடு பேசி, அதே எரிவாயுவில் எஞ்சினை ஓட்டி, குழாய்த் தண்ணீரும் விளக்கும் தருவதாக 1980களின் பிற்பகுதியில் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். சாணம் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குக் கூலியும் கிடைத்தது, செரித்த கழிவு எருவாகத் திரும்பவும் கிடைத்தது. ஊராரின் முதல் தேவை சமையல் எரிவாயு அல்ல, தண்ணீர் என்பதைக் கலன் கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்கலாமே என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். திருத்திக்கொள்ளும் மனம் அதைவிட அரிது.

பழுதுபார்க்க முடிந்தால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. வங்கதேசத்தில் 1970கள் முதல் போடப்பட்ட ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள் மலிவானவை, எளியவை, ஊர் மெக்கானிக்கே சரிசெய்யக்கூடியவை. குளத்து நீரால் வரும் நோய்களிலிருந்து மக்களைக் காக்கப் போடப்பட்ட அந்தக் கிணறுகளின் நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, கேடானதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். கருவி ஒழுங்காக ஓடுகிறது என்பது ஒன்று, அது தரும் நீர் குடிக்கத் தக்கது என்பது வேறு. ஆகவே, பராமரிப்பு என்னும் சொல்லில் அவ்வப்போது நீரைச் சோதிப்பதையும் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

ஏழைகளுக்கு மட்டும் ஏன் எளிய கருவி, அவர்களும் நவீனமானதைப் பெறக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பொருத்தமானது என்றால் பழையது என்று பொருளல்ல. கைப்பேசியைவிட நவீனமான பொருள் ஏழை வீட்டில் எது? யாரும் திட்டம் தீட்டி வழங்காமலே அது எங்கும் பரவியதற்கு, அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்யும் ஆட்கள் மூலைமுடுக்கெல்லாம் உருவானதும் ஒரு காரணம். மாறாக, சூரியசக்திப் பம்புகள் சிலவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிசின் ஊற்றி மூடி, யாரும் திறக்க முடியாதபடி அனுப்புகிறார்கள். பலகங்கள் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். பெட்டிக்குள் ஒரு சிறு பாகம் எரிந்துவிட்டால், அத்தனை பலகமும் வெயிலில் சும்மா காயும்.

யாரைப் பழக்குவது என்ற கேள்விக்கும் விடை தெரியாமல் இல்லை. உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் பெண்கள் அடிபம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றார்கள். இராஜஸ்தானின் திலோனியாவில் 1972 முதல் இயங்கும் நிறுவனம், எழுதப் படிக்கத் தெரியாத, வெவ்வேறு மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த பெண்களுக்குக்கூட நிற அடையாளங்களை வைத்துச் சூரிய விளக்குப் பணியைக் கற்றுத் தந்தது. பம்பு நின்றால் தண்ணீருக்காக முதலில் நடக்க வேண்டியவர் யாரோ, அவரிடமே ஸ்பேனரைக் கொடுப்பதில் உள்ள நியாயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே திட்டம் வகுப்போர் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, கருவியின் விலையோடு அடுத்த பத்து ஆண்டுகளுக்கான உதிரிப்பாகம், பயிற்சி, பழுதுபார்ப்போருக்கான கூலி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்தத் தொகையை ஊர்க் குழுவின் பெயரில் தனியாக ஒதுக்க வேண்டும். கருவியின் வரைபடம் ஊராரிடமே இருக்க வேண்டும். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தொடக்க விழாவில் நாடா வெட்டும் படத்தை வெளியிடும்போது அந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, மூன்று ஆண்டு கழித்து அதே இடத்துக்கு ஒரு நிருபரை அனுப்பி, அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து வெளியிடுங்கள். அது முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பதில்லை. பழைய படத்தின் பக்கத்திலேயே வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற குடிநீர்த் திட்டப் பணியாளர்