கிண்டிக் காட்டின் மதிலுக்கு ஓர் ஏணி: தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: கிண்டி தேசியப் பூங்காவின் உட்பகுதியில், வரையறுத்த எண்ணிக்கையில், வழிகாட்டியுடன் கூடிய காலை நடைக்கு அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய காப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோட்டூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவன்; பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிறந்ததும், சர்தார் படேல் சாலையில் விடிகாலைப் பேருந்துக்காக நிற்கும்போது, தேசியப் பூங்காவின் மதிலுக்கு அப்பாலிருந்து இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும். வண்டிகளின் இரைச்சல் கூடுவதற்குமுன் கேட்டால்தான் உண்டு. காலையும் மாலையும் ஆறு மணியையொட்டிக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று நம்மவர்கள் பெயரிட்ட பறவை அது. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. ஒரே ஒருமுறை அதை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: பக்கத்து வீட்டு மாடிக் கண்ணாடியில் மோதி விழுந்து, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பொழுது விடிந்ததும் பறந்துபோயிற்று. பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணையொட்டி மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை; வால் மட்டும் இருக்கிற இடம் தெரியாத அளவுக்குக் குட்டை. மற்றபடி அந்தப் பறவை எனக்கு மதிலுக்கு அப்பால் கேட்கும் குரல்தான்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்காவின் உட்பகுதியில், உங்கள் பணியாளர்கள் ரோந்து செல்லும் பாதைகளில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, அக்டோபர் முதல் மார்ச் வரை, வாரத்தில் இரண்டு காலைகளில், பத்துப் பேருக்கு மிகாத ஒரே ஒரு குழுவை, வனப் பணியாளர் ஒருவர் உடன்வர, நடந்துசென்று வர அனுமதியுங்கள். இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் தேவைப்படாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்கும் புகைப்படத்துக்கும் மட்டுமல்லாமல் சுற்றுலாவுக்கும் நுழைவு அனுமதி வழங்கும் அதிகாரத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கே அளித்திருக்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தும்.

இந்த எண்ணம் எனக்கு வந்த இடம் சென்னையன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மகள் வீட்டுக்கு இலண்டன் சென்றிருந்த கோடையில், அந்நகரின் தென்மேற்கிலுள்ள ரிச்மண்ட் பூங்காவில் நாள்தோறும் காலையில் நடந்தேன். பெயர்தான் பூங்கா, பார்த்தால் ஓக் மரக் காடும் புல்வெளியும் கலந்த 955 ஹெக்டேர் நிலம். (ஓக்கைக் கருவாலி என்று எழுதுவோர் உண்டு, நம் ஊர் மரமல்லாத ஒன்றை அதன் பெயராலேயே அழைத்துவிடுகிறேன்.) 1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் தம் வேட்டைக்காக மதில் எழுப்பி மான்களை அடைத்த இடம் அது. அந்த மான்களின் வழிவந்தவை இன்றும் அங்கே அறுநூறுக்கு மேல் திரிகின்றன. சில ஓக் மரங்கள் அந்த மதிலைவிட மூத்தவை. அடிமரம் பொந்து விழுந்து, உச்சிக்கிளை பட்டுப்போய், ஆனாலும் ஒரு பக்கம் தழைத்து நிற்கும் அந்தக் கிழ மரங்களைப் பார்த்தபோது, கோயில் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முதியவர்களின் நினைவே வந்தது.

அங்கே கண்டவற்றில் இரண்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாவது, விழுந்த மரத்தை அப்படியே கிடக்க விடுகிறார்கள். இடுப்புயரத் தடிமன் உள்ள ஓர் ஓக் மரம் பாதையோரம் கிடந்தது. பட்டை உரிந்து, மேலெல்லாம் காளான் அடுக்கடுக்காக முளைத்து, விரல் நுழையும் துளைகளோடு இருந்தது. ஜூன் மாத மாலை ஒன்றில் அதன் அருகே, மான் கொம்பைப்போன்ற தாடைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு வண்டு ஊர்ந்துசென்றது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். அதன் புழு, மண்ணுக்கடியில் மக்கும் மரத்தைத் தின்றபடி பல ஆண்டுகள் கழித்த பிறகே வண்டாக வெளிவருகிறது; வந்தபின் அதற்கு வாய்ப்பது சில வாரங்கள்தாம். கட்டையை அகற்றி இடத்தைத் துப்புரவாக்கியிருந்தால் அந்த வண்டு இல்லை. இரண்டாவது, ஓக் மரப் பொந்துகளில் குடியிருந்த பச்சைக்கிளிகள். எங்கள் தெரு வேம்பில் கத்துகிற அதே செந்தார்ப் பைங்கிளி! கூண்டுப் பறவைகளாகப் போனவற்றின் வழித்தோன்றல்கள் அங்கே காட்டுப் பறவைகளாகிப் பெருகிவிட்டன. அந்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் அவற்றைச் சற்றே முகச்சுளிப்போடுதான் பார்க்கிறார்கள். எனக்கோ அயலூரில் சொந்தக்காரரைச் சந்தித்ததுபோல் இருந்தது.

ஆயினும் அந்தப் பூங்காவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதன் மதிலின் கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் பூங்காவின் பொறுப்பிலிருந்த இளவரசி அமீலியா, பொதுமக்கள் உள்ளே வரும் வழிகளை அடைத்துவிட்டார். அவ்வூரில் பீர் ஆலை நடத்திய ஜான் லூயிஸ் என்பவர் வழக்குத் தொடுத்து, 1758இல் வென்றார். நடந்து செல்வோர் உள்ளே வர மதிலின்மேல் ஏணிகள் வைக்கப்பட்டன. ஆனால் படிகளுக்கிடையே இடைவெளி மிகுதியாக இருந்ததால் முதியவர்களும் சிறுவர்களும் ஏற முடியவில்லை. அவர் மறுபடியும் நீதிபதியிடம் முறையிட, எல்லோரும் ஏறத்தக்கதாக அமைக்கும்படி நீதிபதி சொன்னாராம். எனக்கு வயது அறுபத்தெட்டு. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி எதுவென்று தாங்கள் ஊகித்துவிடுவீர்கள்.

ரிச்மண்டைப்போல் கிண்டியையும் நாள் முழுதும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது தவறாகவே முடியும். 955 ஹெக்டேர் தாங்குகிற கால்களை 270 ஹெக்டேர் தாங்காது. அங்கேயே, மானிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று அறிவித்தும், இலையுதிர்காலத்தில் கலைமான்கள் பொருதும்போது கைபேசியை நீட்டிக்கொண்டு கிட்டே போகிறவர்களைத் தடுக்க முடிவதில்லை. நம் மக்கள் அவர்களைவிடக் கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் நடைக்குழு ஒன்றோடு புறநகர்க் காட்டோரம் போயிருந்தேன். ஒருவர் கைபேசியில் திரைப்பாட்டை உரக்க வைத்தார். இன்னொருவர் புள்ளிமானுக்கு பிஸ்கட் நீட்டினார், உறையைப் புதருக்குள் எறிந்தார். குழுவில் மூத்தவனான நான் ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைய மௌனம் இன்றும் உறுத்துகிறது. பத்துப் பேர், உடன் ஒரு வனப் பணியாளர் என்று நான் கேட்பதற்குக் காரணம் இந்த அனுபவம்தான்.

யாரையும் உள்ளே விடாததால்தான் கிண்டிக் காடு பிழைத்திருக்கிறது என்பார்கள். பாதி உண்மை. 1821இல் அரசு விலைக்கு வாங்கி, 1910இல் காப்புக்காடாக அறிவித்து, 1978இல் தேசியப் பூங்காவாக்கிய இந்த நிலத்தின் வரலாற்றைப் பார்த்தால், காடு சுருங்கியது நடப்பவர்களால் அன்று. 1950கள் தொடங்கி நினைவு மண்டபங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்ததால்தான் சுருங்கியது. 1959இல் தொடங்கப்பட்ட ஐஐடி வளாகம் இதே காட்டின் ஒரு பகுதி என்பதை அங்கே உலவும் மான்களே சொல்லும். கொடுக்கப்பட்டவற்றை நான் குறைகூறவில்லை. அந்த நிலையங்களால் பயன்பெற்ற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆனால் இப்படிப் பிரித்தபோது இங்கே என்ன இருந்தது, என்ன போயிற்று என்று தெரிந்துகொண்டு வருந்திய ஊரார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இந்தக் காட்டின் அருமையை மதிலுக்கு வெளியே நின்று அறிய முடியாது. ரிச்மண்டின் ஓக் காடு குளிரில் இலையுதிர்த்துவிடும். கிண்டியில் இருப்பதோ சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டில் ஏழெட்டு மாதம் காய்ந்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்ந்தும் இலையை முழுதாக உதிர்க்காத மரங்கள் இதில் உண்டு. சிறிதாக, தடித்து, மெழுகு பூசியதுபோல் இருக்கும் அவற்றின் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். அனுமதி பெற்ற குழு ஒன்றோடு பல ஆண்டுகளுக்குமுன் ஒருமுறை உள்ளே சென்றபோது, உசிலையும் குருந்தும் களாவும் சூரையும் பின்னிக் கிடந்த புதர்களுக்கிடையே நடந்தோம். எங்கள் வழிகாட்டியாக வந்த வனப் பணியாளர் ஓரிடத்தில் நின்று, எதுவும் பேசாமல், மரங்களின் கீழ்விளிம்பைக் கையால் காட்டினார். தையற்காரர் கத்தரித்ததுபோல் எல்லா மரங்களிலும் தழை ஒரே மட்டத்தில் நின்றிருந்தது. புள்ளிமான் வாய் எட்டுகிற உயரம் அது. ரிச்மண்டின் ஓக் மரங்களில் அதே கோட்டைக் கண்டபோது எனக்கு அந்த மனிதரின் கைதான் நினைவுக்கு வந்தது.

சங்கப் பாடல்கள் இரலை என்று சொல்லும் முறுக்குக்கொம்பு வெளிமானையும் அன்று பார்த்தோம், மிகத் தொலைவில். கறுத்த முதுகும் வெண்மையான வயிறுமாக ஒரு கிடா, சுற்றிலும் பழுப்பு நிறப் பெண்மான்கள். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். புதர் மண்டினாலும் சீமைக்கருவேலம் ஏறினாலும் அதற்கு இடமில்லை. புள்ளிமானோ எதிலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே நான் கேட்கும் பாதை, வெளிமான்கள் மேயும் புல்வெளியை அணுகாமல் புதர்க்காட்டின் வழியாகவே செல்லட்டும். அவற்றைப் பார்க்கக் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. கீரி குறுக்கே ஓடும். செம்போத்து புதருக்குள்ளிருந்து உறுமும். நல்லூழ் இருந்தால் நரியின் எச்சத்தையாவது பார்க்கலாம். நாவல் விதையும் இலந்தைக் கொட்டையும் அதில் கிடப்பதைக் காட்டி, நரியும் காடு வளர்க்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். வகுப்பறையில் எனக்கு அது ஒரு பாடவேளைக்கும் போதாமல் இருந்தது.

நடைபாதை ஓடு, மின்விளக்கு, செயற்கை நீரூற்று, தற்படம் எடுக்க இதய வடிவ வளைவு ஆகியவற்றைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். சென்னையில் எந்த நல்ல யோசனையும் ஒப்பந்தப்புள்ளியாக மாறும்போது இவை எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகின்றன. மண்பாதை மண்பாதையாகவே இருக்கட்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரெங்கும் மரங்களைச் சாய்த்தபோது, கட்டைகளை அப்புறப்படுத்துவதே வேலையாக இருந்தது. சாலையில் அது சரி. காட்டுக்குள் இனி விழும் மரங்கள் பாதையை மறித்தாலொழிய விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். நம் காட்டில் அவற்றுக்குள் என்னென்ன குடியேறுகின்றன என்பதைக் குழுக்கள் குனிந்து பார்க்கட்டும்.

உடன்வரும் பணியாளருக்கு இதற்கென ஒரு படித்தொகை அளியுங்கள். அதை நுழைவுக் கட்டணத்திலிருந்தே ஈடுகட்டிவிடலாம். பத்து இடங்களில் நான்கையாவது மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்குங்கள். பதிவு முழுவதும் இணையத்தில் மட்டும் என்றால் வேளச்சேரியிலும் தரமணியிலும் இருக்கும் பல பெற்றோருக்கு அது எட்டாது. தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள சிறுவர் பூங்காவின் சீட்டு வழங்குமிடத்திலும் ஒரு பதிவேடு வைக்கலாம். நடை முடிந்ததும் கண்ட பறவைகளையும் விலங்குகளையும் குழுவினர் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டுப் போகட்டும். இரண்டு பருவங்கள் சோதனையாக நடத்திப் பார்த்து, விலங்குகளுக்கு இடையூறு என்று தங்கள் அலுவலர்கள் கருதினால் மறுபேச்சின்றி நிறுத்திவிடலாம். நிறுத்துவதற்கு எதிராக நான் இன்னொரு மடல் எழுத மாட்டேன்.

வரும் அக்டோபருக்குள் முதல் குழு செல்ல வழிசெய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நடை காலை ஆறு மணிக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது என் கூடுதல் வேண்டுகோள். ஆறேகால் என்று வைத்தால் அந்தக் குருவி பேசி முடித்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோட்டூர்வாசி ஒருவர்,
சென்னை