ஆணைப்புள்ளி மேசையில் பிறக்கட்டும்

புதிய மினியேச்சர் போர் விளையாட்டுக்கு விதி எழுதிக்கொண்டிருக்கும் குழுவினருக்கு,

வணக்கம். பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் உங்கள் விளையாட்டுக்காக, சோதனைக்கு நீங்கள் அளித்த விதி வரைவை எங்கள் நண்பர் குழு நான்கு முறை ஆடிப் பார்த்தது. நகர்விலும் துப்பாக்கிச் சூட்டிலும் எனக்குக் குறையேதும் இல்லை. நான் எழுத வந்தது, அணிகளுக்கு ஆணையிட ஆட்டக்காரர் செலவிடும் ஆணைப்புள்ளிகளைப் பற்றி மட்டுமே. படைப்பட்டியலில் ஓர் அதிகாரியையும் மூன்று காலாட்படை அணிகளையும் சேர்த்தால் நான்கு ஆணைப்புள்ளிகள் கிடைக்கும் என்கிறது வரைவு. அதாவது, ஆட்டத்தின் மிக அரிய வளத்தை ஆட்டக்காரர் மேசைக்கு வருமுன்பே, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டே ஈட்டிவிடுகிறார்.

இதன் விளைவை வார்ஹாமர் 40,000 என்ற மினியேச்சர் விளையாட்டு ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டது. 2017இல் வந்த எட்டாம் பதிப்பில் பட்டாலியன் என்ற படைப்பிரிவு ஒன்றுக்கு 3 கட்டளைப் புள்ளிகள் (அங்கே ஆணைப்புள்ளிக்கு அதுதான் பெயர்) கிடைத்தன. 2018இல் அது 5 ஆக உயர்ந்தது. சாதாரணச் சிப்பாய்களை நிறையக் கொண்டுவரும் படைக்கு ஊக்கம் தருவதே நோக்கமாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. ஆட்டக்காரர்கள் ஆஸ்ட்ரா மிலிட்டாரம் என்ற படையிலிருந்து இரண்டு அதிகாரிகளும் பத்துப் பேர் கொண்ட மூன்று அணிகளுமாக 32 பேரைச் சுமார் 180 புள்ளி விலையில் வாங்கி மேசையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவர்கள் ஈட்டித்தந்த கட்டளைப் புள்ளிகளை வேறொரு படையின் ராட்சத இயந்திர வீரனுக்குச் செலவிட்டார்கள். (அந்த 32 பேருக்கும் வண்ணம் தீட்டியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.) 2020இன் ஒன்பதாம் பதிப்பு, 2000 புள்ளி விலையுள்ள படைகள் மோதும் ஆட்டத்தில் இருவருக்கும் தொடக்கத்திலேயே 12 கட்டளைப் புள்ளிகள் கொடுத்து அந்த வழியை அடைத்தது. 2023இன் பத்தாம் பதிப்பில், ஒவ்வொரு முறையின் முதல் பகுதியான கட்டளைக் கட்டத்தின் தொடக்கத்திலும் இருவருக்கும் ஒவ்வொரு புள்ளி வருகிறது. இது எவ்வளவோ மேல். ஆனாலும் களத்தில் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் வந்து சேரும் மாதச் சம்பளம் போன்றதுதான்.

1990இல் வந்த, பண்டைக்காலப் போர்களை ஆடுவதற்கான டி.பி.ஏ. விதிகளைப் பாருங்கள். ஒரு படைக்குப் பன்னிரண்டு அணிகள். முறைக்கு ஒரு பகடை. விழும் எண்தான் அந்த முறைக்கான நகர்வுகளின் எண்ணிக்கை. ஒட்டி நிற்கும் வரிசை முழுவதையும் ஒரே புள்ளியில் நகர்த்தலாம். வரிசை சிதறினால் ஒவ்வோர் அணிக்கும் தனித்தனியாகப் புள்ளி கொடுத்தாக வேண்டும். பகடையில் ஒன்று விழுந்த முறையில், இடப்பக்கம் உடைந்து கிடக்கும் ஈட்டி வரிசையைச் சேர்ப்பதா, வலப்பக்கக் குதிரைப்படையை ஏவுவதா என்று ஆட்டக்காரர் திகைத்து நிற்பார். வரிசை குலையாமல் காப்பதே சிக்கனம் என்பதை அந்த விதி ஒரு வரிகூட உபதேசிக்காமல் புரியவைத்துவிடுகிறது.

வளத்தைக் களத்தோடு கட்டுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. இன்ஃபினிட்டி என்ற மினியேச்சர் விளையாட்டில் உயிரோடிருக்கும் ஒவ்வொரு வீரரும் ஓர் ஆணையை, அதாவது ஒரு செயலுக்கான வாய்ப்பைத் தருகிறார்; எனவே முதல் முறையிலேயே நாலு பேரை இழந்தவர் அடுத்த முறையில் எழுந்திருக்கவே திணறுவார். அதைத் தணிக்கத்தான், இரண்டாவதாக ஆடுபவர் ஒரு கட்டளை வில்லையைச் செலவிட்டு எதிராளியின் முதல் முறை ஆணைகளில் இரண்டைக் குறைக்கலாம் என்று விதி வைத்தார்கள்.

எங்கள் நான்காம் ஆட்டத்தில் உங்கள் அட்டவணையை ஒதுக்கிவிட்டு, மேசையின் நடுக்கோட்டில் மூன்று சரக்கு வண்டிகளை வைத்தோம். வண்டிக்கு ஆறு அங்குலத்துக்குள் தன் அணி மட்டும் இருந்தால் சுற்றுக்கு ஒரு புள்ளி. வில்லைகளுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகள். மூன்று வண்டிகளையும் பிடித்த நண்பர் மூன்றாம் சுற்றிலேயே ஏழு கொட்டைகளைக் குவித்து வைத்திருந்தார். எனக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, கையில் நான்குக்கு மேல் சேரக்கூடாது, அடுத்த சுற்றுக்கு ஒன்றுக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்று வரம்பு வைத்து அதே மேசையில் மறுபடி தொடங்கினோம். அந்த முறை பாலத்தருகே நின்ற வண்டிக்காகக் கடைசிச் சுற்றுவரை சண்டை நடந்தது.

அடுத்த வரைவில் படைப்பட்டியல் அட்டவணையை நீக்கி, இந்த வண்டி விதியை அந்த இரு வரம்புகளோடு சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆட்டங்களின் சுற்றுவாரிக் குறிப்புகளைத் தனியே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரைவை ஆடிப் பார்த்தவர்களில் ஒருவன்